முட்டிக்கு ஒத்தடம்: 2000 வருஷக் கேள்வி ஒன்று

1/
போன வாரம் ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க. வயசு 64. பத்து வருஷமா சுகர். ரெண்டு முட்டியிலும் தேய்மானம். வலது முட்டி மேல உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைஞ்சு புண்ணாகி இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒத்தடம் குடுத்தேன் சார். வெந்நீர் பையை வச்சுட்டு அப்படியே அசந்துட்டேன். சுட்டதே தெரியல."

புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பும்போது அவங்க கேட்ட கேள்விதான் இந்த த்ரெட்.

"இந்த ஒத்தடம் நிஜமாவே முட்டியைக் குணப்படுத்துமா சார்? இல்ல, அப்போதைக்கு இதமா இருக்கிறதோட சரியா?"

2/
சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் ஒற்றடமும் ஒன்று. நம்ம பாட்டிகளுக்குத் தெரிந்த வைத்தியம். ஆனால் இந்த அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடி எழுதி வைத்த ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் பாத் நகரம். பேரே குளியல்தான்.

3/
அங்கே நிலத்துக்கடியில் இருந்து சுமார் 46 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் பொங்குகிறது. ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் அங்கே கோயிலும் குளியல் மண்டபமும் கட்டினார்கள். தெய்வத்தின் பெயர் சூலிஸ் மினர்வா. அந்த ஊற்றில் இருந்து சுமார் 130 சாபத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பல தகடுகளில் திருடனுக்குத்தான் சாபம். குளிக்கப் போன நேரத்தில் துணியைக் களவு கொடுத்தவர்களும் எழுதியிருக்காங்க. மனுஷன் எங்கேயும் மனுஷன்தான் 🙂

4/
1742-ல் அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். மினரல் வாட்டர் ஹாஸ்பிடல். ஏழைகளுக்கானது, அதுவும் வெளியூர் ஏழைகளுக்கு மட்டும். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் ஊற்று பக்கத்திலேயே இருக்கிறதே!

சேரும்போது ஒரு முன்பணம் கட்ட வேண்டும். எதற்குத் தெரியுமா? குணமானால் ஊர் திரும்ப வழிச்செலவு. இறந்துவிட்டால் அடக்கச் செலவு.

அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வலியோடு அவ்வளவு தூரம் வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

5/
அங்கே வில்லியம் ஆலிவர் என்ற மருத்துவரும், ஜெர்ரி பியர்ஸ் என்ற அறுவை மருத்துவரும் இருந்தார்கள். இவர்கள் நோயாளிகளைப் பரிசோதிக்கும் காட்சியை வில்லியம் ஹோர் 1761-ல் ஓவியமாகவே வரைந்திருக்கிறார். பக்கவாதம், மூட்டுவலி, தோல் நோய் என்று மூன்று பேர் நிற்பார்கள்.

வாதத்தோடு வந்தவர்களில் பலருக்கு உண்மையில் ஈய விஷம். பெயின்ட் வேலை, குழாய் வேலை செய்தவர்கள். வாரக்கணக்கில் ஊற்றில் உட்கார வைத்தபோது நிறையப் பேர் தேறினார்கள்.

6/
"சும்மா நம்பிக்கைதானே" என்று பிற்காலத்தில் தள்ளிவிட்டார்கள். ஆனால் 1980-களில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தால் நீரின் அழுத்தத்தால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது, சிறுநீர் அதிகம் பிரிகிறது, அதோடு ஈயமும் வெளியேறுகிறது.

ஆக, பலன் நிஜம். ஆனா காரணம் அவங்க நினைச்சது இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, முட்டிக்கும் இது பொருந்தும்.

7/
சரி, மூட்டுவலிக்காரர்கள்?

இங்கேதான் சிக்கல். அப்போது எல்லா மூட்டுவலியும் ஒரே மூட்டை. 1880-களின் கடைசியில் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் இதே பாத் ஆஸ்பத்திரி மருத்துவர் ஜான் கென்ட் ஸ்பெண்டர். வேடிக்கை என்னன்னா, அவர் அந்தப் பெயரில் விவரித்தது இன்று நாம் முடக்குவாதம் என்று சொல்லும் நோயை!

தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு என்று ஆர்ச்சிபால்ட் கேரட் 1907-ல்தான் தெளிவாகப் பிரித்தார். நோயையே பிரிக்காமல், எந்த நோய்க்குச் சூடு கேட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

8/
அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. உயர் அதிர்வெண் மின்சாரம் ஷாக் அடிக்காமல் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கும் என்று பிரான்சில் டார்சன்வால் 1890-களில் காட்டினார். ஜெர்மனியில் நாகெல்ஷ்மிட் அதற்கு டயதெர்மி என்று பேர் வைத்தார்.

1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஷார்ட்வேவ் கருவி பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடல் சூடு ஏறியது. அட, இதை வைத்தியத்துக்கும் பயன்படுத்தலாமே என்று பிடித்துக்கொண்டார்கள்.

இன்று பிசியோதெரபி சென்டரில் முட்டிக்கு வைக்கும் ஷார்ட்வேவ் மெஷின் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ரேடியோவுக்கு இடைஞ்சல் வராமல் இருக்க ஒதுக்கிய அலைவரிசை அது.

9/
ஊற்று போய் மெஷின் வந்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

2003-ல் காக்ரேன் குழு இருந்த ஆய்வுகளைத் திரட்டியது. தேறியது மொத்தம் 3 ஆய்வுகள், 179 நோயாளிகள். ஐஸ் மசாஜ் முட்டியின் அசைவையும் பலத்தையும் கொஞ்சம் கூட்டியது. சூட்டு ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கவில்லை. 2000 வருஷப் பழக்கத்துக்குக் கையில் இருந்த ஆதாரம் இவ்வளவுதான்!

2019 அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் கல்லூரி வழிகாட்டுதல், சூடோ குளிரோ வைத்துப் பார்க்கலாம் என்று நிபந்தனையோடு சொல்கிறது. அழுத்திச் சொல்வது உடற்பயிற்சியையும், எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பையும்தான்.

10/
ஏன் இப்படி?

சூடு தோலையும் தசையையும் தளர்த்தும். விறைப்பு குறையும். வலி கொஞ்ச நேரம் அடங்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஒத்தடத்தால் அது திரும்ப வளராது.

பாத் ஊற்றில் உட்கார்ந்தவர்களுக்கு இதமாக இருந்ததற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கியது, அதனால் வலியில்லாமல் காலை அசைக்க முடிந்தது. இன்றைய வெந்நீர்க் குளப் பயிற்சிக்கு அடிப்படையே இதுதான்.

11/
இன்னொரு பாடமும் அங்கே உண்டு. 1978-ல் அந்தத் தண்ணீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தாள். குளியலை மூடினார்கள். புது ஏற்பாட்டோடு 2006-ல்தான் மறுபடி திறந்தார்கள். இயற்கையானது என்பதாலேயே ஆபத்தில்லாதது ஆகிவிடாது.

12/
இப்ப அந்த அம்மாவின் புண்ணுக்கு வருவோம்.

1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது: 60 டிகிரி என்றால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். 44 டிகிரியில்கூட சுமார் 6 மணி நேரத்தில் வேகும்.

அதாவது கைக்கு இதமான சூடுகூட நேரம் போனால் சுடும். சாதாரண ஆளுக்கு எரிந்து முழிப்பு வந்துவிடும். சுகரில் நரம்பு மரத்தவருக்கு வராது.

13/
அதனால:

✅ பைக்கும் தோலுக்கும் நடுவில் தடித்த துண்டு. 15–20 நிமிஷம் போதும். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்க.
✅ சுகர் இருந்தால் சூட்டை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.
❌ வச்சுட்டுத் தூங்கவே கூடாது.
❌ முட்டி சிவந்து, கொதித்து, வீங்கி இருந்தால் ஒத்தடம் வேண்டாம். டாக்டரைப் பாருங்க.
❌ பேஸ்மேக்கர், மூளைத் தூண்டல் கருவி வைத்தவர்கள் டயதெர்மிக்கு முன் கட்டாயம் சொல்லணும். உயிரிழப்பு நடந்த பிறகு 2002-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்த விஷயம் இது. உடம்பில் உலோகம் இருந்தாலும் சொல்லுங்க.

14/
அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்:

"ஒத்தடம் குணப்படுத்தாதும்மா. ஆனா வலியைக் கொஞ்ச நேரம் அடக்கிக் குடுக்கும். அந்த நேரத்தைத் தூங்கிக் கழிச்சுடாதீங்க. நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி, பத்து எண்ணி, இறக்குங்க. பத்து தடவை. அப்புறம் அடுத்த கால். தொடைத் தசை பலமானா முட்டிக்கு பாரம் குறையும்."

"அப்ப ஒத்தடம் வேலைக்கு முன்னாடி குடிக்கிற காபி மாதிரியா சார்?"

இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வராது. 🙏

வீட்டில் முட்டிவலியோடு பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.