யாரோடு ஆடினாய்?

2022 மே 30, திங்கட்கிழமை. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் தேசியப் போட்டியில் ஆடப்போகும் 64 அணிகளின் பட்டியலை என்.சி.ஏ.ஏ. அறிவித்த நாள். அந்தப் பட்டியலில் கடைசியாக உள்ளே நுழைந்தது மிசிசிப்பி பல்கலைக்கழகம். ரசிகர்கள் வாயில் ‘ஓல் மிஸ்’. அதுவரை 32 வெற்றி, 22 தோல்வி. அதிலும் தன் சொந்த கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.க்குள் 14 வெற்றி, 16 தோல்வி. தன் தெருவிலேயே ஜெயித்ததைவிட அடிவாங்கியது அதிகம்.

வெளியே நின்ற அணிகளின் ரசிகர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பாதிக்குப் பாதிகூட ஜெயிக்காதவனை எதற்கய்யா உள்ளே விட்டீர்கள்? தெற்கிலிருந்து வந்த பதிலும் ஒரே வரிதான்: அவன் யாரோடு ஆடினான் என்று பாருங்கள்.

நான்கு வாரம் கழித்து, ஒமாஹா நகரத்தில், ஓல் மிஸ் கோப்பையைத் தூக்கியது. 

இதோடு விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியாது. ஏனென்றால் 2008 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணிக்கு லாங் பீச்சில் நடந்த முதல் சுற்றில் நான்கு அணிகளில் நான்காவது இடம்தான் தரப்பட்டிருந்தது. தன் சிறிய கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்றதால் தானாகக் கிடைத்த இடம் அது. அதை வெல்லாமல் இருந்திருந்தால் எந்தக் கமிட்டியும் கூப்பிட்டிருக்கும் என்று தோன்றவில்லை. அவர்கள் லாங் பீச்சைத் தாண்டினார்கள், அரிசோனா ஸ்டேட்டை அதன் ஊரிலேயே தாண்டினார்கள், இறுதியில் எஸ்.இ.சி.யின் ஜார்ஜியாவை மூன்று ஆட்டத் தொடரில் வீழ்த்தினார்கள். சீசன் முடிவில் 47 வெற்றி, 31 தோல்வி. இன்றுவரை அந்த நான்காவது இடத்திலிருந்து கிளம்பிக் கோப்பையை வென்ற ஒரே அணி.

கடினமான அட்டவணை ஓர் அணியை உருவாக்குகிறது என்பவர்களுக்கு ஓல் மிஸ். அட்டவணையை வைத்து அளந்தால் நல்ல அணியைத் தவறவிடுவாய் என்பவர்களுக்கு ஃப்ரெஸ்னோ. இரண்டு கட்சியிடமும் ஆளுக்கொரு கோப்பை இருக்கிறது.

பிரச்சினை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் எளிய கணக்குதான். முதல் டிவிஷனில் சுமார் 300 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள். 300 அணிகளுக்குள் கிட்டத்தட்ட 45,000 ஜோடிகள் உண்டு. அவற்றில் ஆகப் பெரும்பாலானவை ஒரு சீசனில் சந்தித்துக்கொள்வதே இல்லை. ஆட்டங்களில் பாதிக்கு மேல் சொந்த கான்ஃபரன்ஸுக்குள் போய்விடும், அதுவும் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மூன்றாக. ஆகவே மெய்னில் ஜெயித்த 40-ம் டெக்சாஸில் ஜெயித்த 40-ம் ஒரே 40 தானா என்ற கேள்விக்கு மைதானத்தில் பதில் கிடைக்காது.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு உக்கிரமாக எழவில்லை. முதல் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் 1947-ல் மிச்சிகனின் கலமசூவில் நடந்தது. கலிஃபோர்னியா அணி யேலைத் தோற்கடித்தது. யேலின் முதல் பேஸில் நின்ற இளைஞர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. 1950-ல் போட்டி ஒமாஹாவுக்குப் போனது, அங்கேயே வேரூன்றிவிட்டது. பனிப்பிரதேசக் கல்லூரிகளும் அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தன. மினசோட்டா 1956, 1960, 1964 என்று மூன்று முறை. ஒஹாயோ ஸ்டேட் 1966-ல். அதற்குப் பிறகு அவர்களின் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குள் கோப்பை வரவே இல்லை. 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து முறை சதர்ன் கலிஃபோர்னியா வென்றது. ஆட்டத்தின் ஈர்ப்பு மையம் வெயிலை நோக்கி நகர்ந்துவிட்டது.

வெயில் என்பது இங்கே உவமையில்லை. பேஸ்பாலை உறைந்த மண்ணில் ஆட முடியாது. வெயில் மாநிலங்கள் சீசனைச் சீக்கிரமே தொடங்கிவிட, வடக்கே மைதானத்தில் பனி வழித்துக்கொண்டிருப்பார்கள். 2008-லிருந்துதான் எல்லாருக்கும் ஒரே தொடக்க நாள் என்ற விதி வந்தது, பிப்ரவரியின் பிற்பகுதியில். அதன் பிறகும் வடக்கு அணிகள் முதல் சில வாரங்கள் ஃப்ளோரிடா, கரோலினா, டெக்சாஸ் என்று பெட்டி தூக்கிக்கொண்டு அலைகின்றன. வெளியில் பயிற்சியே சரியாக எடுக்காத பையன்கள், பயிற்சியில் ஊறிய எதிரணியோடு, எதிரணியின் ஊரில் ஆடித் தோற்பார்கள். மே மாதம் கமிட்டி உட்காரும்போது அந்த பிப்ரவரித் தோல்விகள் அப்படியே தாளில் இருக்கும்.

இந்தத் தாளைப் படிக்க என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த கருவியின் பெயர் ஆர்.பி.ஐ., அதாவது ரேட்டிங் பர்சன்டேஜ் இண்டெக்ஸ். 1981-ல் கூடைப்பந்துக்காகச் செய்யப்பட்டது. சூத்திரம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். உன் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம். உன் எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம். அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு இன்னொரு 25. ஒருமுறை நின்று படியுங்கள். உன் மதிப்பெண்ணில் முக்கால் பங்கு நீ என்ன செய்தாய் என்பதே இல்லை. நீ யாரோடு சேர்ந்தாய் என்பதுதான்.

இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. ஓர் அணி 30 வெற்றி, 10 தோல்வியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எதிரணிகளின் சராசரி வெற்றி விகிதம் 0.550. இப்போது 0.200 மட்டுமே உள்ள ஒரு சொத்தை அணியோடு ஆடி ஜெயிக்கிறது. அதன் சொந்த விகிதம் 0.750-லிருந்து 0.756 ஆகும், கால் பங்கு எடுத்தால் லாபம் 0.0015. எதிரணிகளின் சராசரி 0.550-லிருந்து 0.541 ஆக இறங்கும். பாதி எடுத்தால் நஷ்டம் 0.004-க்கு மேல். அதாவது ஆட்டத்தை ஜெயித்து, பட்டியலில் கீழே இறங்கியாயிற்று. பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க நாளாகவில்லை. சீசன் கடைசியில், வாரநடுவில், பலவீனமான அணியோடு ஓர் ஆட்டம் இருக்கும். லேசாக மேகம் கூடினால் போதும், ஆட்டம் ரத்து. ‘எங்கே மழை?’ என்று ரசிகர்கள் வானத்தைப் பார்ப்பது இந்த விளையாட்டின் பழைய ஜோக். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கும் சின்னக் கல்லூரிக்கு அது ஜோக் இல்லை. பெரிய மைதானத்தில், பெரிய பெயரோடு மோத அந்தப் பையன்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு மாலைகளில் ஒன்று அது.

கூடைப்பந்துச் சட்டையை பேஸ்பாலுக்குப் போட்டதில் இன்னொரு கோளாறும் உண்டு. கூடைப்பந்தில் செவ்வாய்க்கிழமை அணியும் சனிக்கிழமை அணியும் ஏறத்தாழ ஒன்று. பேஸ்பாலில் அப்படியில்லை. முதல் பிட்சர் வெள்ளிக்கிழமை எறிவார். அடுத்தவர்கள் சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை எறிய வருவது பெரும்பாலும் முதலாமாண்டுப் பையன், அல்லது இரண்டு இன்னிங்ஸ் தாங்கினால் போதும் என்று அனுப்பப்படுபவர். சின்ன அணி செவ்வாயன்று பெரிய அணியைச் சாய்ப்பது அதனால்தான் அடிக்கடி நடக்கிறது. சூத்திரத்துக்கு வெள்ளியும் செவ்வாயும் ஒன்றே. 

அடுத்தது கான்ஃபரன்ஸ் கணக்கு. பெரிய கான்ஃபரன்ஸின் அணிகள் சீசனின் முதல் சில வாரங்களில் வெளியாட்களோடு, பெரும்பாலும் தங்கள் ஊரிலேயே, ஆடி வெற்றிகளைக் குவிக்கும். பிறகு மார்ச் நடுவிலிருந்து பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மோதும். உள்ளே ஒருவன் தோற்றால் இன்னொருவன் ஜெயித்திருப்பான். மொத்தம் எப்போதும் பாதிக்குப் பாதி. ஆகவே அந்த முதல் வாரங்களில் சேர்த்த புண்ணியம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், வெளியே கசியாது. எல்லாருடைய எதிரணியும் நல்ல எதிரணி. தோல்விகூட நல்ல தோல்வி. இது சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. அந்த அணிகள் உண்மையிலேயே பலமானவைதான். ஆனால் எவ்வளவு பலம் என்பதைச் சொல்லும் ஆட்டங்கள் சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

2013-ல் என்.சி.ஏ.ஏ. சூத்திரத்தைக் கொஞ்சம் திருத்தியது. வெளியூரில் ஜெயித்தால் அது 1.3 வெற்றி, சொந்த ஊரில் ஜெயித்தால் 0.7. தோல்விக்கு நேர்மாறு: சொந்த ஊரில் தோற்றால் 1.3, வெளியூரில் 0.7. பெட்டி தூக்கி அலைபவனுக்கு முதல்முறையாகச் சூத்திரத்தில் ஓர் இடம் கிடைத்தது. கூடைப்பந்து 2018-ல் ஆர்.பி.ஐ.யையே தூக்கிப்போட்டு வேறு கருவிக்கு மாறியது. பேஸ்பால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதையே பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நல்ல கணிதம் இல்லாமலா? இருந்தது, வெகுகாலமாக. எல்லாரும் எல்லாரோடும் ஆடாத போட்டியில் பலத்தை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, சதுரங்கத்தை முன்வைத்து, ஜெர்மானியக் கணிதர் எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ 1929-லேயே விடை எழுதினார். 1952-ல் பிராட்லி, டெர்ரி என்ற இருவர் அதே வழிக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். சாரம் இதுதான்: உன் பலம் உன் எதிரியின் பலத்தைப் பொறுத்தது, அவன் பலம் அவனுடைய எதிரிகளைப் பொறுத்தது. இப்படிச் சுற்றும் சமன்பாடுகளை, விடை அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். கூகுளின் பேஜ்ரேங்கை அறிந்தவர்களுக்கு இந்தச் சுற்று பழக்கமானதே. ஆர்.பி.ஐ. இதே சுற்றை இரண்டு படிகளோடு நிறுத்திவிடுகிறது. கையால் போடும் கணக்குக்கு அது போதும். கணினி இருக்கும் காலத்துக்குப் போதாது.

ஆனால் எவ்வளவு நல்ல சூத்திரமும் ஓரிடத்தில் முட்டி நிற்கும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான் நடந்திருக்கின்றன என்றால், அந்தப் பதினைந்தின் அதிர்ஷ்டம் இரண்டு கூட்டத்தின் தலைவிதியையும் எழுதிவிடும். ஆடாத ஆட்டத்திலிருந்து தகவலை எடுக்க எந்தக் கணிதராலும் முடியாது. 

2025-ஐப் பாருங்கள். எஸ்.இ.சி.யின் 16 அணிகளில் 13 உள்ளே வந்தன. இதுவரை எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் கிடைக்காத எண்ணிக்கை. முதலிடம் தரப்பட்ட வாண்டர்பில்ட் தன் சொந்த மைதானத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. இரண்டாமிடம் தரப்பட்ட டெக்சாஸை சான் அன்டோனியோவின் யூ.டி.எஸ்.ஏ. வீட்டுக்கு அனுப்பியது. ஒமாஹாவுக்குப் போய்ச் சேர்ந்தது 13-ல் இரண்டே இரண்டு. ‘பார்த்தீர்களா, எல்லாம் ஊதிய பலூன்’ என்று ஒரு பக்கம் ஆரம்பித்தது. அந்த இரண்டில் ஒன்றான எல்.எஸ்.யூ. கோப்பையை வென்றது. ‘பார்த்தீர்களா’ என்று மறுபக்கம் தொடர்ந்தது. 

அதே ஆண்டு ஒரேகான் ஸ்டேட்டுக்கு வேறொரு கஷ்டம். பாக்-12 கான்ஃபரன்ஸ் சிதறிப்போனதால், மூன்று முறை கோப்பை வென்ற அந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் நின்றது. மொத்த அட்டவணையையும் தானே தேடித் திரட்ட வேண்டும். கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்குத் தானாகக் கிடைக்கும் இடமும் கிடையாது. ஊர் ஊராகப் போய் ஆடி, தேசிய வரிசையில் எட்டாமிடம் பெற்று, ஒமாஹாவுக்கும் போனார்கள். ‘கஷ்டமான அட்டவணை வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள்’ என்று சொல்பவர்களுக்கு இது உதாரணம். ஆனால் ஒரேகான் ஸ்டேட் அழைத்தால் ஆட வருவார்கள். பெயரில்லாத கல்லூரி அழைத்தால் பெரியவர்கள் அதன் மைதானத்துக்கு வருவதில்லை. வா என்றால் நீதான் வரவேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் செவ்வாய்க்கிழமையில்.

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. யார் பலசாலி என்பது ஒன்று. யார் அந்த இடத்தைச் சம்பாதித்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கணிதம் கிட்டத்தட்டப் பதில் சொல்லும். இரண்டாவது கணிதமே கிடையாது. பலசாலியாக இருந்து பாதி ஆட்டம் தோற்றவனுக்கா, எதிரே வந்தவனையெல்லாம் ஜெயித்தவனுக்கா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். கமிட்டி சூத்திரத்தின் பின்னால் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்கிறது. ரசிகர்கள் வெளிப்படையாகச் சண்டை போட்டு எடுக்கிறார்கள். ரசிகர்கள் கொஞ்சம் நேர்மையானவர்கள் என்பேன்.

ஆனாலும் அந்த அமைப்புக்குள் ஒரு கதவு அட்டவணையைப் பற்றிக் கேட்காமலே திறக்கிறது. 64-ல் ஏறத்தாழ பாதி இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. எந்த மூலையில் இருக்கும் கான்ஃபரன்ஸாக இருந்தாலும் சரி, அதில் ஜெயித்தால் உள்ளே வரலாம். 1999-ல் 64 அணி முறை வந்த பிறகு, நான்காவது இடத்திலிருந்து தொடங்கி ஒமாஹாவரை போனவை நான்கே அணிகள்: 2008-ல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட், 2012-ல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக், 2023-ல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-ல் மர்ரே ஸ்டேட். நான்குமே அந்தக் கதவு வழியாக வந்தவைதான். அவர்களிடம் யாரோடு ஆடினாய் என்று யாரும் கேட்கவில்லை. இனி யாரோடு ஆடப்போகிறாய் என்பதை மட்டும் சொல்லி உள்ளே அனுப்பினார்கள்.