லேப்டாப்பில் இருக்கும் படத்தை டிவியில் பார்ப்பது எப்படி? கல்வராயன் மலையில் நெட் இல்லாவிட்டாலும் முடியும்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பல வீடுகளில் அரசு கொடுத்த பொருட்கள் இரண்டு இருக்கும். ஒன்று, 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வழங்கிய 14 இன்ச் கலர் டிவி. இன்னொன்று, 2011 செப்டம்பர் 15-ம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் பிளஸ் டூ படித்த பிள்ளைக்குக் கிடைத்த லேப்டாப். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. டிவியும் மாறிவிட்டது. பழைய பெட்டி இருந்த இடத்தில் இப்போது 32 இன்ச் எல்இடி டிவி தொங்குகிறது.

லேப்டாப் ஒரு மூலையில், டிவி ஒரு மூலையில். இரண்டையும் சேர்த்தால் குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கலாம். ஆனால் "வயர் வாங்கி மாட்டினேன், படம் வரலையே" என்பதுதான் பலருடைய புலம்பல். பெரும்பாலும் லேப்டாப்பிலும் தப்பு இருக்காது, டிவியிலும் தப்பு இருக்காது. வாங்கிய வயர்தான் தப்பு.

முதல்ல டிவியின் பின்பக்கத்தைப் பாருங்க

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தையும் லேப்டாப்பின் இரண்டு ஓரங்களையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையில் இருந்தோ கரியாலூரில் இருந்தோ கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி கள்ளக்குறிச்சி வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். தப்பான வயரை மாற்ற இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இரண்டு பக்கமும் ஹெச்டிஎம்ஐ இருந்தால் கவலையே இல்லை. தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் சரிந்த மாதிரி இருக்கும் துளை அது. பக்கத்திலேயே பெயரும் போட்டிருக்கும். படம், சத்தம் இரண்டும் இந்த ஒரே வயரில் போய்விடும். சாதாரண ஹெச்டிஎம்ஐ வயரே போதும். தங்க முலாம், "4கே ஸ்பெஷல்" என்று சொல்லி விற்பதை 32 இன்ச் டிவிக்காக வாங்க வேண்டியதில்லை. நீளம் மட்டும் பார்த்து வாங்குங்கள். உட்காரும் இடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொள்ள 3 முதல் 5 மீட்டர் வசதியாக இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண வயரில் படம் விட்டு விட்டு வர வாய்ப்பு உண்டு.

பழைய லேப்டாப்பில் நீல நிறத்தில், 15 சின்ன ஓட்டைகளோடு இருப்பது விஜிஏ. 1987-ல் ஐபிஎம் கொண்டு வந்தது. இதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. டிவியிலும் விஜிஏ இருந்தால் அந்த வயரோடு, ஹெட்போன் மாட்டும் துளையில் இருந்து டிவிக்கு ஒரு ஆடியோ வயரும் தேவை. டிவியில் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், விஜிஏவை ஹெச்டிஎம்ஐ ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதில் ஆடியோ வயர் செருகும் இடமும், கரன்ட்டுக்கான யூஎஸ்பி வயரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது லேப்டாப்களில் சிலவற்றில் டைப்-சி துளை மட்டும் இருக்கும். டைப்-சி இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்று சொல்ல முடியாது. சில மாடல்களில் அது சார்ஜ் போடவும் பென் டிரைவ் மாட்டவும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளே போர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

பழைய இலவச டிவியில் மாட்ட முடியுமா?

முடியும். ஆனால் மாட்டணுமா என்று ஒரு தடவை யோசிங்க.

அந்தப் பழைய குழாய் டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று ஏவி துளைகள் இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகளில் இது முன்பக்கத்தில் இருக்கும். இருந்தால், ஹெச்டிஎம்ஐயை ஏவி ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று தேவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின் என்று வெறும் வயர் ஒன்று விற்கிறார்கள். லேப்டாப்பில் அதை மாட்டினால் படம் வராது. ஹெச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல், ஏவியில் போவது அனலாக். ஒன்றை இன்னொன்றாக மாற்ற நடுவில் சிப் வேண்டும், அந்த சிப்புக்குக் கரன்ட் வேண்டும். யூஎஸ்பி பவர் வயர் இல்லாத "கன்வெர்ட்டர்" எதையும் வாங்காதீர்கள்.

அடுத்த குழப்பம், திசை. ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக மாற்றும் பெட்டியும் அதே சைஸில், அதே கலரில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஹெச்டிஎம்ஐ உள்ளே, ஏவி வெளியே. பெட்டியின் ஓரத்தில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நம்ம ஊர் டிவிக்கு அது 'பால்' பக்கம் இருக்க வேண்டும். மாறி இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரலாம்.

இவ்வளவும் செய்தாலும் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், எழுத்துகளைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். லேப்டாப் திரையே பெரும்பாலும் 14 இன்ச்தான், டிவியும் 14 இன்ச்தான். அதற்குப் பேசாமல் லேப்டாப்பிலேயே படம் போட்டு, ஸ்பீக்கரை மட்டும் தனியாக மாட்டலாம். காசும் மிச்சம், படமும் தெளிவு.

இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்று உண்டு. திரை உடைந்துபோன பழைய லேப்டாப். டிஸ்பிளே மாற்ற ஆகும் செலவைக் கேட்டுவிட்டு பீரோ மேல் தூக்கிப் போட்ட லேப்டாப்பில் மற்றதெல்லாம் ஓடினால், எல்இடி டிவியோடு அதை நிரந்தரமாக மாட்டிவிடலாம். ஹெச்டிஎம்ஐ வயரை மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். ஒரு யூஎஸ்பி மவுஸ் இருந்தால் போதும்.

மாட்டியாச்சு, படம் வரல. இப்போ?

டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தி, வயர் மாட்டிய ஹெச்டிஎம்ஐ எண்ணைத் தேர்வு செய்யுங்கள். செட்டாப் பாக்ஸ் ஒன்றில் இருக்கும், லேப்டாப் இரண்டில் இருக்கும். பாதி பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

பிறகு லேப்டாப்பில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். நான்கு வழிகள் காட்டும். 'டூப்ளிகேட்' கொடுத்தால் இரண்டிலும் ஒரே படம் தெரியும். ஆனால் பழைய லேப்டாப் திரைகள் பல 1366க்கு 768 அளவுதான். டூப்ளிகேட்டில் டிவியும் பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்கி வந்துவிடும். படம் பார்க்க 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுங்கள். முழு ஹெச்டி டிவியாக இருந்தால் அதன் முழுத் தெளிவும் அப்போதுதான் கிடைக்கும்.

படம் டிவியில், சத்தம் லேப்டாப்பில் வருகிறதா? திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வரும் பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்வு செய்யுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவி செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' மாதிரி ஒன்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. படம் ஓடும்போது லேப்டாப்பை மூடி வைக்க வேண்டுமானால், பவர் செட்டிங்கில் மூடியை மூடினால் 'எதுவும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் மாட்டுங்கள், மேலே மதர்போர்டில் இருப்பதில் வேண்டாம்.

வயரே இல்லாம முடியுமா?

ஸ்மார்ட் டிவியாக இருந்தால் விண்டோஸ் கீயும் 'கே' எழுத்தும் அழுத்திப் பாருங்கள். டிவியில் மிராகாஸ்ட் வசதி இருந்தால் பெயர் வரும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை, லேப்டாப்பும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதனால் டவர் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் இடையிடையே படம் திக்கும். சினிமாவுக்கு வயர்தான் சரி.

பென் டிரைவை நேரடியாக டிவியில் மாட்டலாமே என்று கேட்கலாம். மாட்டலாம், அது ஓடினால் லேப்டாப்பே தேவையில்லை. கல்யாண வீடியோவை பென் டிரைவில் கொடுக்கும்போது பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் எஃப்ஏடி32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல் ஏறாது. சில டிவிகளில் படம் மட்டும் ஓடி சத்தம் வராது, டிடிஎஸ் ஒலியைப் புரிந்துகொள்ளாத டிவிகள் நிறைய. லேப்டாப்பில் விஎல்சி பிளேயர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரிந்தால், விஎல்சி செட்டிங்கில் சப்டைட்டில் பகுதிக்குப் போய் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்றும், எழுத்துருவை நிர்மலா யூஐ என்றும் மாற்றுங்கள்.

மலையில் நெட் வராதே, படத்துக்கு எங்கே போவது?

கல்வராயன் மலைக் கிராமங்களில் இதுதான் பெரிய கேள்வி. டவர் கிடைத்தாலும் கணக்கு இடிக்கும். ஹெச்டி தரத்தில் ஓடிடி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 7 ஜிபிக்கு மேல். நாளுக்கு 1.5 ஜிபி பேக் இடைவேளை வரைகூடத் தாங்காது.

அதனால் நெட் நன்றாக இருக்கும் இடத்தில், கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் இடத்தில், வைஃபையில் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வருவதுதான் வழி. மொபைல் செயலியில் இறக்கிய ஓடிடி படத்தை லேப்டாப்புக்கு காப்பி செய்ய முடியாது. பூட்டிய ஃபைல் அது. லேப்டாப்பிலேயே இறக்க வேண்டும். எல்லா நிறுவனமும் அதை விடுவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2024-ல் தன் விண்டோஸ் செயலியில் டவுன்லோடு வசதியை எடுத்துவிட்டது. யூடியூப் பிரீமியம் சந்தா இருந்தால் லேப்டாப் பிரவுசரிலேயே இறக்கி வைக்கலாம். தயாரிப்பாளர்களே முழுப் படமாக யூடியூபில் போட்டிருக்கும் பழைய தமிழ்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஓடிடி படம் போட்டால் டிவி கறுப்பாகி, மற்ற வீடியோ எல்லாம் ஓடுகிறது என்றால் அது பழுது இல்லை. காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி என்ற பூட்டு அது. மலிவான கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால் இப்படி ஆகும். நேரடி ஹெச்டிஎம்ஐ வயரில் பொதுவாக ஆகாது.

திருட்டுப் பிரின்ட் தளங்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. வைரஸ் ஏறிய லேப்டாப்பில்தான் பிள்ளையின் காலேஜ் ப்ராஜெக்ட்டும் இருக்கிறது. தியேட்டரில் படம் பிடிப்பது, அதைப் பரப்புவது ஆகியவற்றுக்கு 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம்.

ஷாக் அடிக்குதா? உடனே கழற்றுங்க

வயரின் இரும்பு முனையைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், வீட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது சாதாரணம் என்று விடக்கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை லேப்டாப், டிவி இரண்டையும் ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே வயரை மாட்டவோ கழற்றவோ வேண்டும். லேப்டாப் சார்ஜரையும் டிவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் ஸ்பீக்கரில் வரும் 'உம்ம்' இரைச்சலும் பெரும்பாலும் குறையும்.

மலையில் மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து இடி. டிஷ் ஆன்டெனா வயர் வழியாக டிவிக்குள் வரும் மின்சாரம், ஹெச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பையும் சேர்த்துக் காலி செய்துவிடும். தூரத்தில் இடிச் சத்தம் கேட்டதுமே டிவி பிளக், டிஷ் வயர், ஹெச்டிஎம்ஐ மூன்றையும் கழற்றிவிட்டு, சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள். மீதிப் படத்தை லேப்டாப் பேட்டரியிலேயே பார்க்கலாம்.