மேசைமேல் தியாகதுருகம்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உண்டு. மலை இல்லை, ஆறு இல்லை, வயல் இல்லை. எந்தக் கட்டத்தில் நின்றாலும் யானை யானையே. திணை மரபில் ஊறிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றவர் தொல்காப்பியர். புறத்திணை ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணையின் புறனாக அவர் அமைத்ததால், நிலம் போருக்குள்ளும் வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவில் இக்குறையை நீக்க முனைந்தோர் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்சும் அவர் மகனும். தந்தை 1812இல் மேடுபள்ளம் காட்டும் மேசையொன்றைத் தம் மன்னருக்குச் செய்தளித்தார். மகன் 1824இல் வரைபடத்தின்மேல் ஆடும் விதிகளை வெளியிட்டார். ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர். நடுவர் காட்டினாலன்றிப் பகைவர் படை கண்ணுக்குத் தெரியாது. இன்றைய மேசைப் போர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் மூலம் இதுவே.

அத்தகைய மேசையில் நம் தியாகதுருகத்தை வைத்துப் பார்ப்போம். மேற்கே கல்வராயன் மலை. அதற்கும் தெற்கிலுள்ள பச்சைமலைக்கும் இடையே ஆத்தூர்க் கணவாய். மேற்கிலிருந்து சமவெளிக்கு இறங்கும் படைக்குக் கள்ளக்குறிச்சி வழி இயல்பான வழி. அவ்வழியைக் கண்காணித்து நிற்கிறது துருகத்தின் பாறைக்குன்று. புதிதாக ஆட வருபவர் குன்றையே பார்ப்பார். பார்க்கவேண்டியது வழியை.

கோட்டை கொள்ளும் முறைகளைக் குறளின் அரண் அதிகாரம் மூன்றாகச் சுட்டுகிறது: சூழ்ந்து முற்றுதல், முற்றாமல் பாய்ந்து தாக்குதல், உள்ளிருப்போரை வசப்படுத்துதல். ஆட்டத்துக்கு இவற்றினும் நல்ல விதிகள் வேண்டியதில்லை. துருகம் முதலிரண்டையும் கண்டது. மூன்றாவதற்கு ஈடாக உடன்படிக்கையைக் கண்டது. 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஐதர் அலியின் துணையை வேண்டி இக்கோட்டையை மைசூர்ப் படையிடம் ஒப்படைத்தார். மைசூரில் கண்டே ராவ் ஐதருக்கு எதிராக எழவே அப்படை திரும்பியது. கோட்டை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அடுத்து ஆங்கிலத் தளபதி பிரஸ்டன் வந்து வளைத்தார். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. உதவி வரும் வாசல் அடைபட்டது. 65 நாள் முற்றுகைக்குப் பின் பிப்ரவரியில் துருகம் பணிந்தது.

1790இல் வந்தவர் திப்பு சுல்தான். உள்ளே இருந்தவர் பிளின்ட், 1780–81இல் வந்தவாசியை ஐதரிடமிருந்து காத்த அதே அதிகாரி. திப்பு இருமுறை தாக்கினார், இருமுறையும் பலிக்கவில்லை. மெடோஸின் படை பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. காத்திருக்க அவருக்குப் பொழுதில்லை. திருவண்ணாமலைப் பக்கம் திரும்பினார். பாறை அதே பாறைதான். பிரஸ்டனிடம் நாள்கள் இருந்தன, திப்புவிடம் இல்லை.

இங்கேதான் உழிஞையின் நுட்பம் விளங்குகிறது. முற்றுகையைக் கூறும் அத்திணையைத் தொல்காப்பியர் மருதத்தின் புறன் என்றார். மலைக்கோட்டையாயினும் குறிஞ்சியை நாடவில்லை, வயலை நாடினார். உரையாசிரியர்கள் இதற்கு வேறு பொருத்தங்கள் சொல்வர். எனக்குத் தோன்றுவது நெல்தான். கோட்டையைக் காப்பதும் கைவிடுவதும் களஞ்சியமே. வளைப்போரையும் காப்போரையும் அவர் ஒரே திணையில் வைத்ததும் கருதத்தக்கது. நொச்சியைத் தனித்திணையாகப் பிரித்தது பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை. ஆடுவோர் இருவராயினும் பலகை ஒன்றுதானே!

நம் திண்ணைகளில் கரிக்கோட்டால் வரைந்த ஆடுபுலி ஆட்டம் இவ்வுண்மையை எப்போதோ அறிந்திருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு புலியை வெட்டுவதே இல்லை. நகர இடமின்றி அடைக்கிறது, அவ்வளவே. பிரஸ்டன் செய்தது அதைத்தான். சதுரங்கம் அரசவையின் ஆட்டமென்றால் இதை உழிஞையின் ஆட்டம் எனலாம்.

எனினும் ஆடுபுலியிலும் நெல் இல்லை. துருகத்தை மேசையில் ஆட விரும்பும் நண்பர்கள் நெல்மணிகளைக் காயாக வைக்கட்டும். சுற்றுக்கு ஒன்று குறையட்டும். இன்னொரு விதியும் வேண்டும். 1790இல் சுற்றூர் மக்கள் தம் உடைமைகளோடு பேட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தனர். திப்புவை ஈர்த்தது அவ்வுடைமையே என்பர். எந்தப் பலகையிலும் அவர்களுக்குக் காய் கிடையாது. பகைவர் தோன்றுமுன் அவர்கள் வாயிலில் வந்து நிற்கட்டும். கதவைத் திறந்தால் சுற்றுக்கு இரண்டு மணி குறையும். திறப்பதா இல்லையா என்பதைக் காப்பவர் தம் முதல் ஆட்டத்திலேயே சொல்லிவிடவேண்டும்.