பௌர்ணமியும் சுண்ணாம்புக் காளவாசலும்

சென்ற ஞாயிறு பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறார். (கரண்ட் பில் எவ்வளவு என்று மட்டும் அவர் மனைவி முன்னால் கேட்கக் கூடாது!) உள்ளே மென்பவளம் ஒன்று. போன வருஷம் கத்தரித்து ஒட்டிய துண்டு தாய் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்ட மாதிரி. "எங்க ஊர்ல பவளத்தை லாரி லாரியா ஏத்தினாங்க" என்றேன். மனிதர் நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு ஊர் தூத்துக்குடி. அங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளத்திட்டுகள். அவற்றை உடைத்து வள்ளங்களில் கரைக்குக் கொண்டு வந்தார்கள். வீடு கட்டினார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள், ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். தாத்தா வீட்டில் காரை பெயர்ந்த சுவர் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சின்ன வயதில் விரலை விட்டு நோண்டுவேன். அது பவளத்தின் எலும்புக்கூடு என்று யாரும் சொல்லவில்லை.

கட்டிப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. பேங்க் பாஷையில் சொன்னால், வட்டியை விட்டுவிட்டு முதலையே எடுத்துவிட்டோம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயே போய்விட்டன.

இதில் ஒரு வேடிக்கை. உலகப் பவளத்திட்டு மாநாடுகளில் முதலாவது நடந்தது 1969 ஜனவரியில், நம்ம மண்டபத்தில்! பவளங்கள் பெரும்பாலும் குஞ்சுகளை உடலுக்குள் வைத்து வளர்த்துத்தான் வெளியே விடும் என்று அப்போது நினைத்திருந்தார்கள். 1981-ல்தான் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள்: பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பல வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் கடலில் விடுகின்றன. நம் கடலிலும் கிளைப்பவளங்கள் மார்ச் மாதத்தை ஒட்டி இப்படிச் செய்கின்றன.

1986-ல் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் புலிக்குச் சமமாகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. ஆனாலும் கல் எடுப்பது நிற்க 2005 ஆகிவிட்டது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் பவளக் கிளைகளைக் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறது. நண்பரின் தொட்டி வித்தையேதான். ஆனால் ஒட்டு என்பது நகல். தாய்க்கு உள்ள பலவீனம் அதற்கும் உண்டு. 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டைத் தாங்கும் புதுப்பிள்ளை பிறக்க மார்ச் இரவுகள்தான் வேண்டும்.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். தாத்தா வீட்டை இடிக்கப் போகிறார்களாம். "கல்லையெல்லாம் என்னடே செய்ய?" என்று கேட்டார். ஒன்றை இங்கே கொண்டு வரலாம் என்றால் அந்த முதல் அட்டவணை ஞாபகம் வருகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.