கருணைக்கு யார் விலை கொடுப்பது?

1/ கொடை சீசன் வந்தாலே நம்ம நெல்லைப் பக்கம் ஒரு விவாதமும் கூடவே வந்துரும். சாமிக்குக் கிடா வெட்டலாமா, கூடாதா?

பிரஷர் மாத்திரைக்கு வந்த ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டார்: "டாக்டரய்யா, நாங்க சுடலைக்கு வருசத்துக்கு ஒரு கிடா வெட்டுதோம். டவுன்ல தினமும் பிரியாணி ஓடுது. எங்களை மட்டும் ஏன் கேக்காவ?"

எனக்கு உடனே பதில் வரல. ஆனா இதே கேள்வி 130 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாட்டோட ஓட்டுப்பெட்டி வரைக்கும் போயிருக்கு. அந்தக் கதையிலிருந்து ஆரம்பிப்போம்.

2/ சுவிட்சர்லாந்து, 1891. அங்கே மக்களுக்கு ஒரு புது உரிமை கிடைக்குது. 50,000 பேர் கையெழுத்துப் போட்டா போதும், அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தத்தை மக்களே முன்மொழியலாம். அரசு அதை நாடு முழுக்க ஓட்டுக்கு விட்டே ஆகணும்.

அந்த உரிமையை முதன்முதலா எதுக்குப் பயன்படுத்தினாங்க தெரியுமா? வரிக்கு இல்ல, கூலிக்கு இல்ல. ஆடு மாடுகளுக்கு!

3/ கோரிக்கை இதுதான்: மயக்கமடையச் செய்யாமல் கால்நடையை அறுக்கக் கூடாது. அரசும் நாடாளுமன்றமும் "வேண்டாம்" என்றன. 1893 ஆகஸ்ட் 20-ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சுமார் 60% பேர் ஆதரவு. சட்டமாகிவிட்டது.

விலங்குகளுக்கு வெற்றி, இல்லையா? கொஞ்சம் பொறுங்க.

4/ மயக்கமடையச் செய்யாமல் அறுப்பது யூதர்களின் மத முறை. அந்த நாட்டில் அவர்களுக்குச் சமமான குடியுரிமை கிடைத்ததே 1866-ல்தான். விலங்குகள் மேல் உண்மையான இரக்கம் உள்ளவர்களும் அதே பக்கம் ஓட்டுப் போட்டார்கள், யூதர்களை வெறுத்தவர்களும் அதே பக்கம் போட்டார்கள். ஓட்டுப்பெட்டிக்கு இரண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

ஆட்டோட வலி பொய்யில்ல. ஆனா அந்தச் சட்டத்தால் பெரும்பான்மையினரின் தட்டில் ஒரு துண்டு கறியும் குறையல. கருணை ஒருத்தரோடது, செலவு இன்னொருத்தரோடது.

5/ சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே அப்படி ஓட்டுரிமை கிடையாது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 28-வது பிரிவு, மத வழக்கப்படி விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது.

6/ ஆனா மெட்ராஸ் மாநிலத்தில் அதுக்கு முன்னாடியே, 1950-ல், கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடைச் சட்டம் இருந்தது. ஐம்பது வருஷம் அது பெரும்பாலும் தூங்கிக்கிட்டே கிடந்தது.

2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. சுடலை மாடன், இசக்கியம்மன்னு கொடை கொடுத்து வந்த ஊர்களில் கொந்தளிப்பு. கறிக்கடைக்குத் தடையில்ல, ஓட்டல் பிரியாணிக்குத் தடையில்ல. நாட்டார் சாமியோட படையலுக்கு மட்டும் தடை.

2004 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, அந்தச் சட்டமே அவசரச் சட்டம் மூலம் ரத்தானது. ஓட்டெடுப்பு நடக்கல. ஆனா ஓட்டு பேசிருச்சு.

7/ அப்போ மக்கள்கிட்ட கேட்டா விலங்குக்கு நியாயமே கிடைக்காதா? கிடைச்சிருக்கு.

கலிபோர்னியாவில் 2008-லும் 2018-லும் மக்கள் தாங்களே கையெழுத்து திரட்டி ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டைக் கோழி, கன்று, பன்றி ஆகியவற்றை அசைய முடியாத கூண்டில் அடைக்கக் கூடாது என்று. இரண்டு முறையும் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. முட்டை விலை ஏறும் என்று எதிர்ப்பிரசாரம் நடந்தது. தெரிஞ்சேதான் ஓட்டுப் போட்டாங்க. பன்றி வளர்ப்போர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-ல் அங்கேயும் சட்டம் நின்றது.

8/ அவ்வளவு தூரம் ஏன்? நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் போய்ப் பாருங்க. மணிமுத்தாறு தண்ணி வந்து குளம் நிறைஞ்சா கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் வந்து வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். எச்சம், மீன் நாத்தம், ராத்திரி பகலா சத்தம். அத்தனையும் ஊர் தாங்குது. குஞ்சுகள் மிரளும்னு தீபாவளிக்கு வெடி போடுறதில்ல.

எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம். அது உண்மைதான். ஆனா பிள்ளைகளுக்கு வெடி இல்லாத தீபாவளி, அந்த ஊர் தன் கையிலிருந்து கொடுக்கிற விலை.

1994-ல்தான் அரசு அதைச் சரணாலயமா அறிவிச்சது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. ஊர்க் கட்டுப்பாடு முதலில், அரசாணை பிறகு.

9/ ஒரு மருத்துவரா எனக்கு இது புரியுது. பத்தியம் எழுதித் தர்றது ரொம்பச் சுலபம். இருந்து பார்த்தாதான் தெரியும். சுவிட்சர்லாந்து 1893-லும் தமிழ்நாடு 2003-லும் அடுத்தவருக்குப் பத்தியம் எழுதின. கூந்தன்குளம் தானே பத்தியம் இருக்கு.

10/ இப்போ என் கதைக்கு வர்றேன். "தினம் ஒரு முட்டை சாப்பிடுங்க"ன்னு எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! கூண்டுப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் பொதுவா ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. நான் மருந்து எழுதுற சீட்டை நாலு போட்டா மூடிரும். முட்டை ரெண்டு ரூபா ஏறினாலும் பரவால்ல, அந்தக் கோழி இறக்கையை விரிக்கட்டும்னு ஓட்டுப் போட நான் தயாரா? சத்துணவில் முட்டை வாங்குற பிள்ளைக்கு அந்த ரெண்டு ரூபாயை யார் கொடுப்பா?

இதுக்குப் பதில் சொல்லாம அந்தப் பெரியவர்கிட்ட கிடா வெட்டாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அடுத்த மாசம் மாத்திரைக்கு வருவார். "நீங்க கேட்டது நியாயம்தான் அய்யா, முதல்ல என் தட்டைப் பார்க்கேன்"னு சொல்லலாம்னு இருக்கேன்.

உங்க தட்டில் எதைக் குறைக்க நீங்க ஓட்டுப் போடுவீங்க? யோசிச்சுச் சொல்லுங்க.