வீடு திரும்பியவர்களின் கதை

ஒரு நாவலைத் திரைப்படமாக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது? இந்தக் கேள்விக்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, உலகமே பார்த்து வியந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். அணிந்தவரை அடிமையாக்கும் மோதிரம் ஒன்றை, அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மாவீரர்கள் யாருக்கும் போகவில்லை. ஷயர் என்ற அமைதியான ஊரில் வாழும், உருவில் சிறிய ஹாபிட் இனத்தைச் சேர்ந்த ஃபிரோடோவின் தலையில் விழுகிறது.

இதை எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கியன் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். அதற்கு முன் அவர் ஒரு போர்வீரர். 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் பணியாற்றி, காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினார். முதல் உலகப் போர் முடிந்தபோது, அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார்.

நாவல் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. விரைவிலேயே திரைத்துறையினர் தேடி வந்தனர். 1958-இல் தம்மிடம் வந்த திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்து டோல்கியன் கடுமையாகக் கண்டித்தார். 1969-இல் படமாக்கும் உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1973-இல் அவர் மறைந்தார். 1978-இல் வந்த ரால்ஃப் பக்ஷியின் கார்ட்டூன் படம் பாதிக் கதையோடு நின்றுபோனது.

பிறகு வந்தவர் நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன். இரண்டு படங்கள் எடுக்கத் திட்டமிட்டார். மிராமாக்ஸ் நிறுவனமோ ஒரே படமாகச் சுருக்கச் சொன்னது. அவர் மறுத்தார். நியூ லைன் நிறுவனம் மூன்று படங்களாகவே எடுக்கச் சொன்னது! 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை, மூன்றுக்கும் சேர்த்தே படப்பிடிப்பு நடந்தது. 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கொன்றாக அவை வெளிவந்தன. மூன்றாவது படம் 11 ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, பதினொன்றையும் வென்றது.

சுருக்க மறுத்துப் போராடிய அதே ஜாக்சன், நாவலின் ஓர் அத்தியாயத்தை விட்டுவிட்டார். நாவலில், மோதிரம் அழிந்தபின் வீடு திரும்பும் நால்வரும் காண்பது சீரழிந்த ஷயரை. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, ஊரார் அடக்கி ஆளப்படுகிறார்கள். தங்கள் ஊரை மீட்க அவர்கள் மீண்டும் போராட வேண்டியிருக்கிறது. இது போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் உருவகம் அல்ல என்று டோல்கியன் மறுத்தார். சிறு வயதில் தாம் வாழ்ந்த கிராமப்புறம் கண்ணெதிரே அழிந்ததை அவர் நினைவுகூர்ந்தார்.

படத்தில் ஷயர் போனபடியே இருக்கிறது. ஏற்கெனவே மூன்று மணி நேரத்தைத் தாண்டிய படத்தில், எரிமலைக்குப் பிறகு இன்னொரு சண்டையை ரசிகர் தாங்கமாட்டார் என்பது நியாயமே. ஆனால் டோல்கியனின் மகன் கிறிஸ்டோபர், இளைஞர்களுக்கான சண்டைப் படமாக நாவலை மாற்றிவிட்டார்கள் என்று 2012-இல் வருந்தினார்.

அது முழு உண்மையா? அந்த மதுக்கடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊரே சிரித்துக் களிக்கிறது. நால்வர் மட்டும் பேச்சின்றி அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே போய் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு, ஆறாத காயத்தோடு ஃபிரோடோ கப்பலேறிப் போய்விடுகிறான்.

போர் போனவனை மாற்றிவிடும் என்பதைப் படம் காப்பாற்றியது. போர் நம் வீட்டு வாசலுக்கும் வரும் என்பதை விட்டுவிட்டது. காட்சிகளை வெட்டலாம், பாத்திரங்களைக் குறைக்கலாம். ஆனால் ஆசிரியர் கண்ட உண்மையில் பாதியை விட்டால், அந்தப் பாதியைத் தேடி நாம் நாவலுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. படம் பார்த்தவர்கள், அந்த ஓர் அத்தியாயத்தையாவது படித்துப் பாருங்கள்.