சைனைடு மேட்டில் யாருக்காகப் புல் முளைக்கும்?

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மேடுகள். சாம்பல் நிறத்தில், உச்சி தட்டையாக, மழைத்தண்ணீர் அறுத்த பள்ளங்களோடு நிற்கும் மேடுகள். ஊர்ச் சனங்க அதை ‘சைனைடு மலை’ என்கிறார்கள். சினிமாக்காரர்கள் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். அது மலையே அல்ல. மூன்று நான்கு தலைமுறையாக நம் சனங்க பூமிக்கடியில் வெட்டி மேலே அனுப்பிய பாறையின் பொடி.

இந்தப் பொடியின் வரலாற்றைச் சேரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1876–78 பஞ்சம் வட ஆற்காட்டுப் பக்கத்துப் பண்ணையாட்களை வேரோடு பிடுங்கி எறிந்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் கால் வைத்தது. குழிக்குள் இறங்க ஆள் வேண்டும். ஊரில் உழுவதற்குக் கையகல நிலம் இல்லாதவன் போனான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலமில்லா நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதே 1890களில்தான் சைனைடு முறை தங்கவயலுக்கு வந்தது. ஒரு பக்கம் நமக்கு மண் தருவதாகக் காகிதம் எழுதினார்கள். இன்னொரு பக்கம் எதுவும் விளையாத மண்ணை நம் கையாலேயே குவிக்க வைத்தார்கள்.

பாறையை மாவாக இடிப்பார்கள். சைனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். மிச்சம் சேறாக வெளியே போகும். அப்படிச் சேர்ந்தவை 13 மேடுகள், சுமார் மூன்று கோடியே முப்பது லட்சம் டன். மண்ணுக்கு அடியிலிருந்து போன தங்கம் சுமார் 800 டன். தங்கம் எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. பொடி மட்டும் நம்ம வாசல்லயே நிக்குது.

ஆடிக் காத்து அடிச்சா சோத்துப் பானையில, பாயில, பிள்ளைங்க கண்ணுல எல்லாம் அந்தத் தூசுதான் என்று அங்கே பொறந்து வளர்ந்தவங்க சொல்வாங்க. குழிக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். 1940களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 43.7 பேருக்கு நுரையீரலில் கல்தூசு நோய் இருந்தது. ஆனாலும் அந்தச் சனங்க தூசு தின்று மட்டும் வாழவில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. ஜி. அப்பாதுரையார் 1926 முதல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்தே நடத்தினார். 1930இல் கைரேகை பதியமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். செடி முளைக்காத அந்த இடத்தில் தன்மானம் முளைத்தது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிற ஊரானது தங்கவயல். மேடுகள் அப்படியே நின்றன.

அவற்றில் பச்சை முளைக்காதா? முளைக்கும். வெயிலிலும் காற்றிலும் சைனைடு நாளாவட்டத்தில் சிதைந்துவிடும். ஆர்சனிக் போன்றவை சிதையாது. அந்தப் பொடியில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, ஈரம் நிற்பதில்லை, மண்ணுயிர் இல்லை. முதலில் சரிவுகளில் வரப்பு கட்டி அரிப்பை நிறுத்த வேண்டும். புளித்துப்போன இடத்தில் சுண்ணாம்பு இட்டு, நல்ல மண்ணும் சாணமும் மக்கும் போட்டு மூட வேண்டும். வெட்டிவேரும் கொழிஞ்சியும் பிடித்த பிறகே புங்கன் மாதிரி மரங்கள். ஆடுமாடு மேயாமல் காக்க வேண்டும்; விஷம் தீவனம் வழியாகப் பாலுக்கு வந்து சேரும். ஒரு வன மகோற்சவத்தில் ஆகிற காரியமில்லை இது. பல பத்தாண்டு வேலை.

இதற்குள் இன்னொரு கணக்கு வந்துவிட்டது. மேட்டில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,003 ஏக்கர். மேட்டை மறுபடி கிளறினால் தூசு யார் மூக்கில் ஏறும்? வருகிற வேலையில் தங்கவயல் பிள்ளைகளுக்கு எவ்வளவு? வேலை முடிந்தபின் நிலத்தை மூடி மரம் வைக்கிற செலவை யார் ஏற்பது? அந்த நிழல் யார் பட்டாவில் விழும்?

சுரங்க நிலத்தை மீட்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மண்ணையும் செடியையும் எண்ணுகிறார்கள். அந்த மண்ணைச் சுமந்தவனை எண்ணுவதில்லை. குழி தோண்டும்போது நம்மைக் கூப்பிட்டவர்கள், மரம் நட்டு நிலத்தைப் பிரிக்கும்போதும் கூப்பிடட்டும். அதுவும் கூலிக்கு இல்லை. பங்குக்கு.